மணல் கடலில் மோட்டார் சைக்கிள்!

உயிரைக் காப்பது வேகம் அல்ல, திட்டம்!

சகாரா பாலைவனத்தை மோட்டார் சைக்கிளில் கடக்க முடியுமா?

முடியும். கடந்து காட்டியிருக்கிறார்கள். அதுவும் யார்? இரண்டு பெண்கள்!

ஒருவர் பெயர் தெரசா வாலக். மற்றவர் புளோரன்ஸ் பிளெங்கிரான். இருவரும் இங்கிலாந்தைச் சேர்ந்தவர்கள். 1934-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி லண்டனில் இருந்து புறப்பட்டார்கள். ஆப்பிரிக்காவின் தென் கோடியில் இருக்கும் கேப்டவுன் நகருக்கு, 1935-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி போய்ச் சேர்ந்தார்கள். ஏழரை மாதப் பயணம்! வழியில் குறுக்கே கிடந்தது சகாரா.

அவர்கள் ஓட்டிச் சென்றது, "பாந்தர்" என்ற 600 சி.சி. மோட்டார் சைக்கிள். அதற்கு ஒரே சிலிண்டர். பக்கத்தில் ஒரு சைடு-கார். பின்னால், சாமான் ஏற்றிய சிறிய இழுவை வண்டி. துணைக்கு வேறு வண்டி இல்லை. கையில் ஒரு திசைகாட்டி கூட இல்லை!

மணலில் சக்கரம் புதைந்தது. இறங்கித் தோண்டினார்கள். தள்ளினார்கள். மறுபடி ஏறி ஓட்டினார்கள். மறுபடியும் புதைந்தது. நைஜர் நாட்டில் உள்ள அகாடெஸ் என்ற ஊரில், எஞ்சினையே முழுவதும் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டினார்கள்.

வெறும் துணிச்சலினால் இது நடக்கவில்லை. தெரசா எஞ்சினீயரிங் படித்தவர். புளோரன்ஸ், இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தய மைதானத்தில் 100 மைல் வேகத்துக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பரிசு பெற்றவர். வண்டியில் எந்த ஆணி எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும்.

தெரசா பிற்காலத்தில் அமெரிக்காவில் குடியேறி, மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுக்கும் பள்ளிக்கூடம் நடத்தினார். 1999-ம் ஆண்டில், 90-வது வயதில் இறந்தார். சகாரா அவரைக் கொல்லவில்லை.

ஆனால், எல்லோரையும் சகாரா அப்படி விட்டு விடவில்லை.

29 ஆண்டுகள் மணலில் கிடந்த உடல்

1962-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். சகாராவில் ரோந்து சென்ற பிரெஞ்சுப் படையினர், நொறுங்கிய விமானம் ஒன்றைக் கண்டார்கள். அருகில் ஒரு மனிதனின் உடல். வெயிலில் காய்ந்து வற்றிப் போய்க் கிடந்தது.

அவர் பெயர் பில் லங்காஸ்டர். இங்கிலாந்து நாட்டு விமானி. 1933-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி காணாமல் போனவர். ஏறக்குறைய 29 ஆண்டுகள் கழித்துத்தான் உடல் கிடைத்தது!

என்ன நடந்தது? இங்கிலாந்தில் இருந்து கேப்டவுனுக்கு மிக விரைவாகப் பறந்து சாதனை செய்ய அவர் புறப்பட்டார். வழியில் நேரம் தவறி விட்டது. உடம்பு களைத்து விட்டது. ஆனாலும், "நேரத்தைப் பிடித்து விட வேண்டும்" என்று இருட்டும் நேரத்தில் ரெகான் என்ற ஊரில் இருந்து கிளம்பினார். எஞ்சின் பழுதாகி, விமானம் மணலில் விழுந்தது.

அவர் உடனே சாகவில்லை. 8 நாட்கள் உயிரோடு இருந்தார். தண்ணீர் சுமார் 9 லிட்டர்தான் இருந்தது. விமானத்தின் நிழலிலேயே இருந்து, நடந்ததை எல்லாம் குறிப்பு எழுதினார். அவரைத் தேடினார்கள். ஆனால் அவர் விழுந்த இடம், வண்டிகள் போகும் வழியில் இருந்து வெகு தூரம் விலகி இருந்தது. யார் கண்ணிலும் படவில்லை.

அவர் விமானத்தில் போனவர். மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கும் அதே பாடம்தான். அவசரம், களைப்பு, வழி விலகல்... இந்த மூன்றும் சேர்ந்தால் பாலைவனம் ஆளை விழுங்கி விடும்!

எந்த மாதம்?

சகாராவின் பரப்பு சுமார் 90 லட்சம் சதுர கிலோ மீட்டர். இந்தியாவைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு! இதில் மணல் மேடுகள் நான்கில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் சரளைக்கல் வெளியும், பாறையும், மலையும்.

அங்கே போவதற்கு ஏற்ற காலம், நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கோடையில் நிழலிலேயே 45 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அப்போது ஒரு டியூப் பஞ்சர் ஆனால் கூட, அது உயிர்ப் பிரச்சினை ஆகி விடும்.

குளிர்காலத்தில் வேறு ஒரு வேடிக்கை. பகலில் வெயில், இரவில் தண்ணீர் உறையும் குளிர்! பாலைவனத்துக்குப் போகிறவர் கம்பளியும் எடுத்துப் போக வேண்டும்.

எந்த வழி?

குறுக்கு வழிதான் நல்ல வழி என்று பலர் நினைக்கிறார்கள். பாலைவனத்தில் அப்படி அல்ல. தண்ணீர் கிடைக்கும் வழி, பெட்ரோல் கிடைக்கும் வழி, நான்கு வண்டிகள் வந்து போகும் வழி... இதுவே நல்ல வழி. சுற்று வழியானாலும் சரி!

சகாராவைக் கடக்க மூன்று வழிகள் பெயர் பெற்றவை.

முதலாவது, அல்ஜீரியா நாட்டின் தமன்ராசெட் வழியாக நைஜர் நாட்டுக்குப் போகும் ஹோகர் வழி. தெரசாவும் புளோரன்சும் போனது இதில்தான்.

இரண்டாவது, தனெஸ்ரூப்ட் என்ற வறண்ட வெளியைக் கடந்து மாலி நாட்டுக்குப் போகும் வழி. அங்கே புல் பூண்டு கிடையாது. வழி தெரிவதற்காக, அந்தக் காலத்தில் டின்களை நட்டு வைத்தார்கள். அதில் ஓர் இடத்துக்கு "ஐந்தாம் டின்" என்றே பெயர் நிலைத்து விட்டது!

மூன்றாவது, கடலை ஒட்டிச் செல்லும் வழி. மொராக்கோவில் இருந்து மேற்கு சகாரா, மொரிட்டானியா வழியாகத் தெற்கே போகிறது.

முதல் இரண்டு வழிகளில், மணலை விட மனிதர்களால் ஆபத்து அதிகம். 2003-ம் ஆண்டில் அல்ஜீரியப் பாலைவனத்தில் 32 ஐரோப்பியப் பயணிகளை ஆயுதம் தாங்கிய கூட்டத்தார் கடத்திச் சென்றார்கள். மோட்டார் சைக்கிளில் போனவர்களும் அதில் உண்டு. ஒரு பெண் வெப்பம் தாங்காமல் இறந்து போனார். மற்றவர்கள் பல மாதம் கழித்தே மீண்டார்கள். 2012-ம் ஆண்டு முதல் மாலி நாட்டின் வடபகுதியிலும் சண்டை. அதனால் இப்போது பெரும்பாலோர் கடலோர வழியையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

அந்த வழியிலும் கவனம் தேவை. மேற்கு சகாராவில், மொராக்கோ ராணுவம் 1980-களில் எழுப்பிய மணல் அரண் சுமார் 2,700 கிலோ மீட்டர் நீளம் கிடக்கிறது. அதை ஒட்டிக் கண்ணி வெடிகள் புதைந்து இருக்கின்றன. "கொஞ்சம் ஒதுங்கிப் போய்ப் படம் எடுத்து வருவோம்" என்று சாலையை விட்டு இறங்கினால், திரும்பி வருவது நிச்சயம் இல்லை!

ஒற்றை மரம்

வழிக்கு அடையாளம் வேண்டும். நைஜர் நாட்டின் தெனரே பாலைவனத்தில் ஒரே ஒரு வேலமரம் நின்றது. சுற்றிலும் எங்கு பார்த்தாலும் வேறு மரமே கிடையாது. தேசப் படத்தில் கூட அந்த மரத்தைக் குறித்திருந்தார்கள்! ஒட்டகக் கூட்டத்துக்கு அதுதான் கைகாட்டி. அதன் வேர், 30 மீட்டருக்கும் கீழே போய்த் தண்ணீர் குடித்தது.

1973-ம் ஆண்டில் ஒரு லாரி மோதி, அந்த மரம் விழுந்தது. அவ்வளவு பெரிய வெளியில், ஒற்றை மரத்தின் மீது மோதினார் ஒருவர்! விழுந்த மரத்தை நியாமே நகரக் காட்சி சாலைக்குக் கொண்டு போனார்கள். மரம் இருந்த இடத்தில் இப்போது ஓர் இரும்புக் கம்பம் நிற்கிறது.

இந்தக் காலத்தில் ஜி.பி.எஸ். கருவி திசை காட்டுகிறது. ஆனால் பாட்டரி தீர்ந்தால் அது வெறும் டப்பா. மணல் புகுந்தாலும் அப்படியே. ஆகவே, காகிதத்தில் அச்சிட்ட தேசப் படமும், சாதாரணத் திசைகாட்டியும் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

எவ்வளவு பெட்ரோல்?

இது ஒரு சின்னக் கணக்கு.

400 கிலோ மீட்டருக்கு நடுவில் பெட்ரோல் கிடைக்காது என்று வைத்துக் கொள்ளுங்கள். வண்டி, தார் ரோட்டில் லிட்டருக்கு 25 கிலோ மீட்டர் ஓடும். அப்படியானால் 16 லிட்டர் போதுமா?

போதாது! மணலில் எஞ்சின் திணறும். ஒன்றரைப் பங்கு பெட்ரோல் குடிக்கும். ஆக, 24 லிட்டர் வேண்டும். வழி தவறித் திரும்பி வந்தால்? அதற்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக, 8 லிட்டர். மொத்தம் 32 லிட்டர்.

எவ்வளவு தண்ணீர்?

வெயிலில் வேலை செய்கிறவனின் உடம்பில் இருந்து, மணிக்கு 1 லிட்டர் வரை வியர்வையாகப் போய் விடும். வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்து விடுவதால், போவதே தெரியாது.

ஆகவே, ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 லிட்டர் என்று கணக்கிடலாம். பயணம் 2 நாள். ஆபத்துக்கு என்று இன்னும் 2 நாள். மொத்தம் 32 லிட்டர்.

"கொஞ்சம் கொஞ்சமாக நாக்கை நனைத்துக் கொண்டு, தண்ணீரை மிச்சம் பிடிக்கலாமே!" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. இரண்டாம் உலகப் போர் நடந்த போது, அடால்ப் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழுவினர், கலிபோர்னியா பாலைவனத்தில் ராணுவ வீரர்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். தண்ணீர் குடித்தாலும் குடிக்கா விட்டாலும், வியர்வை அதே அளவு போய்க் கொண்டுதான் இருக்கும் என்று கண்டார்கள். தாகத்தை மட்டும் நம்பிக் குடித்தால், உடம்பு இழந்த அளவுக்கு ஈடு ஆகாது என்றும் கண்டார்கள்.

எனவே மிச்சம் பிடிக்க வேண்டியது தண்ணீரை அல்ல, வியர்வையை! அதாவது, நடுப்பகலில் நிழலில் இருக்க வேண்டும். உடம்பை மூடிக் கொள்ள வேண்டும். சட்டையைக் கழற்றிப் போட்டால் குளிர்ச்சி என்று நினைப்பது பிசகு.

வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் கூடாது. வியர்வையோடு உப்பும் போகிறது. வயிற்றுப் போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலம் இங்கேயும் கை கொடுக்கும்.

பாரம் என்ற பகைவன்

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. 32 லிட்டர் தண்ணீரின் எடை 32 கிலோ. 32 லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 24 கிலோ. இரண்டும் சேர்ந்து 56 கிலோ. பின் சீட்டில் இன்னோர் ஆளை ஏற்றிக் கொண்டது போல!

இதற்கு மேல் கூடாரம், போர்வை, உணவு, டியூப், காற்றுப் பம்ப், கருவிகள், மருந்துப் பெட்டி. பாரம் ஏற ஏற, வண்டி புதையும். புதைந்தால் வியர்க்கும். வியர்த்தால் தண்ணீர் அதிகம் வேண்டும். தண்ணீர் கூடினால் பாரம் கூடும்!

இதற்கு வழி என்ன? தனியாகப் போகாமல் இருப்பதுதான். இரண்டு மூன்று வண்டிகளாகப் போக வேண்டும். முடிந்தால் ஒரு ஜீப் துணைக்கு வர வேண்டும். தண்ணீரையும் பெட்ரோலையும் ஜீப் சுமக்கும். அந்த ஊர் வழிகாட்டி ஒருவர் கூட இருந்தால் பாதிக் கவலை விட்டது.

தண்ணீரை ஒரே கேனில் வைக்கக் கூடாது. நாலைந்து பாத்திரங்களில் பிரித்து வைக்க வேண்டும். ஒன்று ஓட்டையானாலும் மற்றவை காப்பாற்றும்.

மணலில் ஓட்டுவது எப்படி?

தார் ரோட்டில் 30 பவுண்டு காற்று இருந்தால், மணலில் 18 பவுண்டு வரை குறைக்க வேண்டும். டயர் தட்டையாகி, ஒட்டகத்தின் பாதம் போலப் பரவி நிற்கும். கல் தரை வந்ததும் மறுபடி காற்று அடிக்க வேண்டும். மறந்து விட்டால் டியூப் கிழியும். சக்கரத்தின் விளிம்பும் நசுங்கும்.

மணலில் தயங்கித் தயங்கி ஓட்டினால் முன் சக்கரம் குத்திக் கொள்ளும். சீராக ஆக்சிலேட்டர் கொடுத்து, பார்வையைத் தூரத்தில் வைத்து ஓட்ட வேண்டும். காலை நேரத்தில் மணல் சற்று இறுகி இருக்கும். அதுவே ஓட்ட ஏற்ற நேரம்.

நடுப்பகலில் நிழல் குறைவாகவே விழும். மேடும் பள்ளமும் ஒரே தட்டையாகத் தெரியும். மணல் மேட்டின் ஒரு பக்கம் சரிவாக இருக்கும். மறு பக்கம் வெட்டி விட்டது போல் செங்குத்தாக இறங்கும். வேகமாக ஏறி உச்சியைத் தாண்டினால், அந்தரத்தில் பறக்க வேண்டியதுதான்! உச்சிக்கு முன்னால் நிறுத்தி, இறங்கிப் பார்த்து விட்டுப் போக வேண்டும்.

இரவில் ஓட்டவே கூடாது. லங்காஸ்டருக்கு நேர்ந்தது போதும்.

பாலைவனத்தில் வெள்ளம்!

கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் உண்மை. 1904-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி, இசபெல் எபர்ஹார்ட் என்ற பெண் எழுத்தாளர், அல்ஜீரியப் பாலைவனத்தின் ஓரத்தில் உள்ள ஐன் செப்ரா என்ற ஊரில் வெள்ளத்தில் சிக்கி இறந்தார். அவருக்கு வயது 27.

எங்கோ மலையில் மழை பெய்யும். இங்கே வானம் தெளிவாக இருக்கும். திடீர் என்று காய்ந்த ஓடையில் தண்ணீர் சுவர் போல வரும். ஆகவே, ஓடைப் படுகை எவ்வளவுதான் மெத்தென்று இருந்தாலும், அங்கே கூடாரம் போடக் கூடாது. மேட்டு நிலத்தில் போட வேண்டும்.

வழி தவறி விட்டால்...?

முதல் வேலை, வண்டியை நிறுத்துவது. "இதோ, அந்த மேட்டுக்கு அப்பால் ரோடு இருக்கும்" என்று மனம் சொல்லும். நம்பக் கூடாது. வந்த சக்கரத் தடத்தைப் பிடித்துக் கொண்டு, தெரிந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

பெட்ரோல் இல்லை, வண்டி ஓடவில்லை என்றால், வண்டியை விட்டு நகரக் கூடாது. நடந்து போகும் மனிதன் ஆகாயத்தில் இருந்து பார்த்தால் ஒரு புள்ளி. வண்டி கண்ணில் படும். பகலில் டயரை எரித்துக் கரும்புகை எழுப்பலாம். கண்ணாடியில் சூரிய ஒளியை வாங்கி அடிக்கலாம்.

1982-ம் ஆண்டு ஜனவரி மாதம், பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் காரில் சென்ற மார்க் தாட்சர் சகாராவில் காணாமல் போனார். அவர் அப்போது இங்கிலாந்துப் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரின் மகன். வண்டி பழுதானதும், உடன் வந்த இருவரோடு அங்கேயே இருந்தார். 6 நாட்கள் கழித்து விமானத்தில் இருந்து அவர்களைக் கண்டுபிடித்தார்கள்.

அந்தப் பந்தயத்தை ஏற்படுத்தியவரே வழி தவறியவர்தான்! தியெரி சாபீன் என்ற பிரெஞ்சுக்காரர், 1977-ம் ஆண்டில் மோட்டார் சைக்கிளில் சென்று பாலைவனத்தில் தொலைந்து, உயிர் தப்பினார். அடுத்த ஆண்டு டிசம்பரில், அவர் தொடங்கிய பந்தயத்தின் முதல் வண்டிகள் பாரிசில் இருந்து புறப்பட்டன.

இன்னொருவர் கதை இன்னும் விசித்திரம். 1993-ம் ஆண்டில் எமில் லெரே என்ற பிரெஞ்சுக்காரர், மொராக்கோவில் சிறிய காரில் போனார். ராணுவக் காவல் சாவடியில் தடுத்தார்கள். அவர் கேட்காமல், சுற்று வழியில் பாலைவனத்துக்குள் புகுந்தார். கார் கல்லில் மோதி உடைந்தது. அவர் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. எனவே, காரைப் பிரித்து, அந்தச் சாமான்களைக் கொண்டே ஒரு மோட்டார் சைக்கிள் செய்தார்! 12 நாட்கள் ஆயின. மிஞ்சியது அரை லிட்டர் தண்ணீர்தான் என்று அவர் சொன்னார். அதை ஓட்டி வந்தவரைப் போலீசார் கண்டு மீட்டார்கள். பதிவுச் சீட்டில் கார் என்று இருக்கிறது, வந்ததோ மோட்டார் சைக்கிள் என்று அபராதமும் போட்டார்கள்!

கெட்டிக்காரர்தான். ஆனால் காவல் சாவடியில் சொன்னதைக் கேட்டிருந்தால், அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கே வேலை இருந்திருக்காது.

வீட்டில் ஒரு சீட்டு

புறப்படும் முன் செய்ய வேண்டிய வேலைகளில் மிகச் சிறியது ஒன்று உண்டு. செலவும் இல்லை, பாரமும் இல்லை. அது ஒரு காகிதச் சீட்டு.

எந்த வழியாகப் போகிறார், எந்தத் தேதியில் எந்த ஊரில் இருப்பார், எத்தனை பேர், வண்டியின் நிறம் என்ன, தண்ணீர் எத்தனை நாளைக்கு இருக்கிறது... இவ்வளவும் அந்தச் சீட்டில் எழுதி, வீட்டில் கொடுக்க வேண்டும். வழியில் உள்ள காவல் சாவடியிலும் ஒன்று கொடுக்க வேண்டும். "இந்தத் தேதி மாலைக்குள் என்னிடம் இருந்து தகவல் வரா விட்டால், இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்" என்று கடைசி வரியில் எழுத வேண்டும்.

இப்போது செயற்கைக் கோள் மூலம் ஆபத்துச் செய்தி அனுப்பும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. கையில் இருப்பது நல்லது. ஆனால் சில நாடுகளில் செயற்கைக் கோள் டெலிபோன் வைத்திருக்க அனுமதி வாங்க வேண்டும். இந்தியாவிலும் அப்படித்தான். முன்னதாக விசாரித்துக் கொள்ளா விட்டால், உயிரைக் காக்க வாங்கிய கருவியே ஆளைச் சிறையில் தள்ளி விடும்.

சீட்டு கொடுத்து விட்டால் மட்டும் போதாது. எழுதிய வழியிலேயே போக வேண்டும். மாற்றினால் மாற்றியதைச் சொல்ல வேண்டும். ஒரு வழியை எழுதிக் கொடுத்து விட்டு வேறு வழியில் போகிறவரை, தேடுகிறவர்கள் அவர் இல்லாத இடத்திலேயே தேடிக் கொண்டிருப்பார்கள்!

பிரதமரின் மகனைத் தேட விமானங்கள் பறந்தன. சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை விமானம் பறக்கும்? அவனைத் தேடச் சொல்லி முதலில் குரல் கொடுப்பது, வீட்டில் தேதியைப் பார்த்துக் கொண்டு இருக்கிற தாயோ, மனைவியோதான். எங்கே தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?